பரபக்கம் இல்லாத பாடம்

தமிழ் மேடைகளுக்கு அடிக்கடி அழைத்துவரப்படும் அறிவியலாளர் நியூட்டனாகத்தான் இருக்கவேண்டும். தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றால் அவர் வருகிறார். சாதிக் கலவரத்துக்கு மறுகலவரம் மூண்டால் வருகிறார். ஒரு சிற்றிதழில் வெளியான மதிப்புரைக்கு மூன்று மாதம் கழித்து இன்னொரு சிற்றிதழில் வசை வந்தாலும், வினைக்குச் சமமான எதிர்வினை உண்டென்று நியூட்டனே சொல்லிவிட்டார் என்கிறோம். அந்த வசைக்கு நாம் வைத்திருக்கும் பெயரே ‘எதிர்வினை’தானே!

நியூட்டன் சொன்னது இதுவன்று. அவருடைய மூன்றாம் விதி ஒரே கணத்தில் இரண்டு பொருள்களின்மேல் நிகழ்வதைப் பற்றியது. ஒரு பொருள் மற்றொன்றைத் தள்ளும்போது, அதே கணத்தில், அதே அளவில், எதிர்த்திசையில் மற்றதும் முதலாவதைத் தள்ளுகிறது. இரண்டில் எது வினை, எது எதிர்வினை என்று பிரிப்பதற்குக்கூட இடமில்லை. முன்னும் பின்னும் இல்லை. காரணமும் விளைவும் இல்லை. பழிவாங்குதல் அறவே இல்லை. மூன்று மாதம் கழித்து வருகிற எதற்கும் மூன்றாம் விதியோடு உறவு கிடையாது.

பேச்சாளரின் சிறுபிழையைப் பெரிதாக்குவது நம் நோக்கமன்று. பள்ளியில் பல ஆண்டு அறிவியல் படித்து, விதிகளைப் பிழையின்றி எழுதி, மதிப்பெண்ணும் பெற்ற ஒருவரிடம் கடைசியில் எஞ்சுவது என்ன என்பதே நம் கேள்வி. வாக்கியம் எஞ்சுகிறது, பொருள் எஞ்சவில்லை. இதற்கான பழியை இயற்பியல் ஆசிரியர்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் நகர்ந்துகொள்கிறோம். இது மொழியின் சிக்கல் என்பதும், ஆகவே இலக்கியம் பேசுகிறவர்களின் சிக்கலும்தான் என்பதும் நம் கட்சி.

*

பழனிக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் மலையடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். அதற்கப்பால் பாலாறு பொருந்தலாறு அணை. தெற்கே கொடைக்கானல் மலைகள். விசையையும் இயக்கத்தையும் கற்பிப்பதற்கு இதைவிடத் தோதான இடத்தைத் தேடவேண்டியதில்லை. பழனி மலைமேல் பெட்டியை இழுத்துச்செல்லும் விஞ்ச் 1966 முதல் இருக்கிறது. ரோப் கார் 2004இல் வந்தது. அடிவாரத்துக் குதிரை வண்டிகளை அறியாத பிள்ளை இங்கே இல்லை. பக்கத்து ஆயக்குடி கொய்யாவுக்குப் பெயர்போனது. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பிச் செல்கிறது. ஓர் ஆய்வுக்கூடம் கட்டினாலும் இத்தனை கருவிகளை ஒருங்கே வைக்க முடியாது.

இப்பகுதிப் பிள்ளைகள் பலர் பள்ளிக் கல்வி முடித்து நம்மிடம் இளங்கலைத் தமிழ் படிக்க வருகிறார்கள். சொற்பொருள் பற்றிய பாடங்களின் நடுவே சில எளிய வினாக்களை அவர்களிடம் கேட்பது நம் வழக்கம்.

ஒரு கொய்யாக்காயை நேர்மேலே எறிகிறோம். கையைவிட்டுப் போய், மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் செயல்படும் விசைகள் எவை? காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளவேண்டாம். ஏறத்தாழ எல்லாரும் சொல்லும் விடை: எறிந்த விசை மேலே தள்ளுகிறது, புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, உச்சியில் இரண்டும் சமமாகிவிடுகின்றன. சரியான விடை: கையைவிட்டு நீங்கிய கணம் முதல் அதன்மேல் செயல்படுவது புவியீர்ப்பு ஒன்றுதான். ஏறும்போதும் அதுவே, உச்சியிலும் அதுவே, இறங்கும்போதும் அதுவே. காய் 200 கிராம் என்றால் அந்த விசை ஏறக்குறைய 2 நியூட்டன். உச்சியில் திசைவேகம் சுழி. ஆனால் அப்போதும் முடுக்கம் கீழ்நோக்கி நொடிக்கு நொடி 9.8 மீட்டர். முடுக்கமும் சுழியாகிவிட்டால் காய் அங்கேயே நின்றுவிடும்!

விஞ்ச் பெட்டி சீரான வேகத்தில் மேலேறிக்கொண்டிருக்கிறது. கம்பிவடம் மேலே இழுப்பது அதிகமா, எடையின் சரிவுப்பங்கும் உராய்வும் சேர்ந்து கீழே இழுப்பது அதிகமா? மேலேதானே போகிறது, ஆகவே மேல் இழுப்புதான் அதிகம் என்கிறார்கள். உண்மையில் இரண்டும் சமம். பெட்டி நகரத் தொடங்கி வேகம் பிடிக்கும் சில நொடிகளில்தான் வடத்தின் இழுப்பு மிகுதி. சீரான வேகம் வந்தபின் மிச்சவிசை ஏதும் தேவையில்லை.

குதிரை வண்டியை இழுக்கும் அதே அளவில் வண்டியும் குதிரையைப் பின்னே இழுக்கிறதென்றால் வண்டி எப்படி நகர்கிறது? இதற்கு வகுப்பில் மௌனமே விடை. அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின்மேல் இல்லை. ஆகவே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் முடியாது. குதிரை தரையைப் பின்னோக்கி உதைக்கிறது. தரை குதிரையை முன்னோக்கித் தள்ளுகிறது. தரை தள்ளுவது வண்டி பின்னே இழுப்பதைவிட மிகுந்தால் குதிரை வேகம்பிடிக்கிறது. வண்டிக்கும் அவ்வாறே: குதிரையின் இழுப்பு சக்கரத்தின் தடையைவிட மிகுந்தால் அதுவும் உடன் வேகம்பிடிக்கிறது. பாதயாத்திரை வரும் பக்தரை முன்னே செலுத்துவதும் தரைதான். ஈரமான பாறையில் கால் வழுக்கும்போது இது விளங்கும்.

இவ்வினாக்களுக்குத் தவறாக விடை சொல்லும் அதே மாணவர்கள், நியூட்டனின் விதிகளை எழுதச் சொன்னால் மூன்றையும் பிசகின்றி எழுதுகிறார்கள். அதுதான் நம்மைத் திடுக்கிட வைப்பது.

*

‘கிராமத்துப் பிள்ளைகள், அரசுப் பள்ளி, வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேட்கும் பெருந்தகையாளர்கள் கொஞ்சம் அமெரிக்காவைப் பார்க்கலாம். 1985இல் இப்ராகிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டினிஸ் ஆகிய இருவரும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்தியை வெளியிட்டார்கள். கல்லூரி இயற்பியலில் சேரும் மாணவர்கள் இயக்கத்தைப் பற்றித் திடமான சொந்தக் கருத்துகளோடு வருகிறார்கள். வழக்கமான விரிவுரைகள் அக்கருத்துகளை அசைப்பதில்லை என்பதே அது. 1992இல் ஹெஸ்டினிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் விசை பற்றிய கருத்துகளைச் சோதிக்கும் ஒரு வினாத்தொகுதியை வெளியிட்டனர். அதில் கணக்கு கிடையாது, சூத்திரம் கிடையாது. நம் கொய்யாக்காய் வினாவைப் போன்ற வினாக்கள்தாம். தவறான விடைகளும் மாணவர்கள் இயல்பாக நம்புகிறவற்றிலிருந்தே எடுக்கப்பட்டவை.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர், தம் மாணவர்களுக்கு இது சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணியே அவ்வினாக்களைக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதவேண்டுமா, நான் உண்மையில் நினைக்கிறபடி எழுதவேண்டுமா என்று கேட்டாராம். உலகின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் கேட்கப்பட்ட இக்கேள்வி பாலசமுத்திரத்துப் பிள்ளை கேட்காமல் விழுங்கிக்கொள்ளும் கேள்வியேதான்.

1998இல் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளில் 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். பாடத்துக்கு முன் மாணவர் அறியாதிருந்த பகுதியில், பாடம் முடிந்தபின் எவ்வளவு அறிந்துகொண்டார் என்பதே அவருடைய அளவுகோல். வழக்கமான விரிவுரை நடந்த 14 வகுப்புகளின் சராசரி 23 விழுக்காடு. மாணவரைப் பேசவும் வாதிடவும் முன்கூட்டிக் கணிக்கவும் வைத்த 48 வகுப்புகளின் சராசரி 48 விழுக்காடு. விரிவுரை எவ்வளவு சிறப்பாக இருந்தது என்பதைக்காட்டிலும், மாணவர் தம் கருத்தை வெளியே எடுத்து மோதவிட்டாரா என்பதே வேறுபாட்டைத் தந்தது.

ஆக, இந்தத் தவறான கருத்துகள் மந்தபுத்தியின் அடையாளமல்ல. அவற்றுக்குப் பெரிய மரபுண்டு. இயங்குவதற்கு இடையறாமல் ஒரு செலுத்துவிசை வேண்டும் என்றவர் அரிஸ்டாட்டில். எறிபவனின் கையிலிருந்து ஒரு விசை பொருளுக்குள் புகுந்து, போகப்போகத் தேய்கிறது என்று 6ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாதிட்டவர் பிலோபோனஸ். “எறிஞ்ச வேகம் அதுல இருக்குதுங்க ஐயா, அது தீரத் தீர நின்னு, அப்புறம் விழுந்துருதுங்க” என்று ஒரு மாணவர் நம்மிடம் சொன்னபோது அவர் பிலோபோனஸையே பேசினார். அதை முட்டாள்தனம் என்று ஒதுக்குபவருக்கு இயற்பியலின் வரலாறும் தெரியாது. ஆசிரியத் தொழிலும் தெரியாது.

*

இனி நம் துறைக்கு வருவோம். அந்த மாணவர் சொன்ன வாக்கியத்தில் ‘வேகம்’ என்ற சொல்லைப் பாருங்கள். பொருளுக்குள் தங்கி, செலவாகித் தீரும் ஒன்றாக அது நிற்கிறது. பாடநூலின் ‘வேகம்’ அதுவன்று; அது கடந்த தொலைவைக் காலத்தால் வகுத்த அளவு. நம் அன்றாடத் தமிழில் ‘வேகமாக அடிக்காதே’ என்றால் பலத்தோடு அடிக்காதே என்று பொருள். ‘விசையாக ஓடினான்’ என்றால் விரைந்து ஓடினான் என்று பொருள். பாடநூல் பிரித்து வைக்கும் விசையும் வேகமும் பேச்சில் இடம் மாற்றி அமர்ந்திருக்கின்றன. விசை இருந்தால் வேகம் இருக்கும், வேகம் இருந்தால் விசை இருக்கும் என்ற பிழைக்கொள்கை இந்தச் சொற்களிலேயே ஊறிக் கிடக்கிறது.

‘முடுக்கம்’ இன்னொன்று. முடுக்குவது என்றால் விரைவுபடுத்துவது. யாப்பில் முடுகு என்றால் விரைந்த நடை. திருப்புகழை ஓதுகிறவருக்கு அது நாவறிந்த செய்தி. எனவே முடுக்கம் என்றதும் மாணவர் மிகுவேகத்தை நினைக்கிறார். இயற்பியலில் முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம்; வேகம் எவ்வளவு என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கொடைக்கானல் பேருந்து 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது என்று கொள்வோம். வேகமானியின் முள் அசையவில்லை. ஆயினும் பேருந்துக்கு வளைவின் மையத்தை நோக்கி நொடிக்கு நொடி 1.25 மீட்டர் முடுக்கம் உண்டு, திசை மாறுகிறதல்லவா? உள்ளே அமர்ந்திருப்பவர் தம்மை யாரோ வெளிப்புறம் தள்ளுவதாக உணர்கிறார். தரையில் நின்று பார்ப்பவருக்கு அப்படித் தள்ளும் விசை எதுவும் தெரியாது. அவர் உடல் நேரே போக முயல்கிறது. பேருந்துதான் அவரைத் திருப்புகிறது.

திசையைக் கணக்கில் கொள்ளுதல் ஏதோ தேர்வுக்கான நுணுக்கமன்று. அந்தப் பேருந்து சென்றுசேரும் கொடைக்கானலின் சூரிய ஆய்வகத்தில், 1909இல், ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் ஓரங்களிலுள்ள வாயு புள்ளியின் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். ஒளியின் நிறமாலைக் கோடுகள் சற்றே இடம்பெயர்வதிலிருந்து அது தெரிந்தது. அந்த இடப்பெயர்ச்சி, வாயு நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ செல்லும் பங்கை மட்டும் காட்டும். புள்ளி சூரிய வட்டத்தின் விளிம்பருகே இருக்கையில் இது புலப்படுகிறது. நடுவில் இருக்கையில் மறைகிறது. வாயுவின் ஓட்டம் சூரியனின் மேற்பரப்பை ஒட்டிக் கிடையாக நிகழ்வது என்று கொண்டால்தான் இவ்வேறுபாடு விளங்கும். இன்று உலகம் முழுவதும் எவர்ஷெட் விளைவு என்று அறியப்படும் கண்டுபிடிப்பு, திசையும் வேகமும் வேறுவேறு செய்திகள் என்ற ஒன்றின்மேல் நிற்கிறது.

இலங்கைத் தமிழர் இதே கருத்துகளுக்கு வேறு சொற்களை ஆள்கிறார்கள். நாம் வேகம் என்பதை அவர்கள் கதி என்பர். நாம் திசைவேகம் என்பதை அவர்கள் வேகம் என்பர். நம் முடுக்கம் அவர்களுக்கு ஆர்முடுகல். வேகம் குறைவது அமர்முடுகல். எல்லாவற்றிலும் வேடிக்கை ‘நிறை’. இங்கே அது பொருளில் அடங்கிய பருமையின் அளவு. நிலவுக்குப் போனாலும் மாறாது. அங்கே அதனைத் திணிவு என்கிறார்கள். ‘நிறை’ என்பது அவர்களுக்குப் புவி இழுக்கும் விசை, நம் பாடநூலின் எடை. நிலவில் நிறை மாறுமா என்று கேட்டால் யாழ்ப்பாணத்து மாணவர் மாறும் என்பார். பழனி மாணவர் மாறாது என்பார். இருவருக்கும் முழு மதிப்பெண் கொடுக்கவேண்டும். சொல் தன்னளவில் கருத்தைத் தந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையா?

*

இவ்விடத்தில் மூன்று தரப்பாரோடு நாம் மாறுபடுகிறோம்.

முதல் தரப்பு ஆங்கிலவழியார். தமிழ்ச் சொற்கள் இப்படிக் குழம்பிக் கிடந்தால் ஆங்கிலத்திலேயே படித்துவிடலாமே என்பது அவர்கள் வாதம். தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதென்றால் ஹார்வர்டு மாணவிக்கு அக்கேள்வி எழுந்திராது. ஆங்கிலத்தின் ஃபோர்ஸ் என்ற சொல்லும் தெருவில் நூறு பொருளில் புழங்குகிறது. தாய்மொழியில் குழம்பியவருக்குத் தாம் குழம்பியிருப்பதை உணரும் வாய்ப்பாவது உண்டு. வேற்றுமொழியில் மனனம் செய்தவருக்கு அதுவும் இல்லை. அவர் மண்டைக்குள் இரண்டு அறைகள் உருவாகிவிடுகின்றன. ஆங்கில அறையில் நியூட்டன், தேர்வுக்கு. தமிழ் அறையில் அரிஸ்டாட்டில், வாழ்வுக்கு. இடையே கதவு கிடையாது. தவறான கருத்து எந்த மொழியில் குடியிருக்கிறதோ அந்த மொழியில் போய்த்தான் அதனைச் சந்திக்கவேண்டும். தமிழில் அறிவியல் கற்பிக்க முடியாதென்பாருக்கு விடை எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்து நூல்களும் எழுதினார். இலங்கையில் உயர்தர வகுப்பு இயற்பியல்வரை தமிழில் நடக்கிறது.

இரண்டாம் தரப்பு கலைச்சொல்லார். இவர்களிடம் நமக்கு மரியாதை உண்டு. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்காகச் சங்கம் வைத்த காலம் தொட்டு நடந்த உழைப்பு சிறிதன்று. ஆனால் இவர்களிற் பலர் சொல்லைச் செய்து அகராதியில் இட்டதோடு கடமை முடிந்ததென்று கருதுகிறார்கள். ஜடத்துவமா நிலைமமா சடத்துவமா என்று ஆண்டுக்கணக்கில் வாதிடுவார்கள். மாட்டுவண்டி நின்றுவிடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ‘இயங்குவது இயங்கிக்கொண்டே இருக்கும்’ என்பதை எப்படி நம்பவைப்பது என்று வாதிடமாட்டார்கள். கலைச்சொல் ஒரு வாசற்படி. வாசற்படிகளை மட்டும் வரிசையாகக் கட்டி வைத்து, இதுதான் ஊர் என்று காட்ட முடியாது. பெ. நா. அப்புசாமி போன்றவர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதியது இதனால்தான். அவர் சொற்களைவிட அவர் வாக்கியங்கள் முக்கியம்.

மூன்றாம் தரப்பு நம் சொந்த வீட்டார், தமிழ்ப் புலமையுலகினர். அறிவியல் என்றால் இவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே: பழம்பாடலில் அணுவைக் கண்டுபிடிப்பது, விமானத்தைக் கண்டுபிடிப்பது. மேலையோர் கண்டதையெல்லாம் முன்னோர் முன்பே கண்டார்கள் என்று நிறுவுவதற்குச் செலவான தாளில் பாதியை ஒரு நல்ல எட்டாம் வகுப்பு அறிவியல் நூலுக்குச் செலவிட்டிருக்கலாம். முன்னோர் நியூட்டனின் விதிகளைக் கண்டார்கள் என்பதற்குச் சான்றில்லை. அதைவிடப் பயனுள்ள வேறொன்றை அவர்கள் நிச்சயமாகக் கண்டார்கள். அதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

*

அது வாதமுறை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரை இரண்டு பகுதிகளாகச் செய்தார்: பரபக்கம், சுபக்கம். தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்துக்கு முன்னே, மாற்றார் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கத்தை வைத்தார். மணிமேகலை பல சமயத்தாரிடமும் சென்று அவரவர் திறம் கேட்ட பின்பே தன் அறம் கேட்கிறாள். நீலகேசி நெடுகிலும் வாதமே. ஆசிரியர்க்குரிய மதங்கள் ஏழு என்னும் நன்னூல், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைவதை அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. மறுக்கவேண்டிய கருத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அதன் வலிமையை ஒப்புக்கொண்டு, அதன்பின் எங்கே உடைகிறதென்று காட்டுதல்: ஹேக்கின் 48 வகுப்புகளில் நடந்தது ஏறத்தாழ இதுதான்.

நவீன இயக்கவியலைத் தொடங்கி வைத்தவரும் இவ்வாறே எழுதினார். கலிலியோ 1632இலும் 1638இலும் வெளியிட்ட பெருநூல்கள் இரண்டும் மூவர் உரையாடலாக அமைந்தவை. அறிஞர்களின் லத்தீனை விட்டு அவ்வுரையாடலை ஊர்மொழியான இத்தாலியத்தில் எழுதினார். 1638ஆம் ஆண்டு நூலில் தேற்றங்களை மட்டும் லத்தீனில் வைத்தார். மூவரில் சிம்ப்ளிசியோ என்பவர் அரிஸ்டாட்டிலின் கட்சியையும், எல்லார்க்கும் இயல்பாகத் தோன்றுவதையும் பேசுகிறார். சிம்ப்ளிசியோவை நீக்கிவிட்டால் அந்நூல்களின் உயிரே போய்விடும்.

நம் பாடநூல்களில் சிம்ப்ளிசியோ இல்லை. ‘இயக்க விதிகள்’ என்ற பாடத்தின் தொடக்கத்தில் அரிஸ்டாட்டில் இப்படிச் சொன்னார், கலிலியோ அப்படிச் சொன்னார் என்று சில வரிகள் வருவதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அவை வரலாற்றுச் செய்தியாக வந்து போகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் ஒருவர் தவறிழைத்தார், பாவம் என்று மாணவர் புரட்டிவிடுகிறார். பரபக்கத்தார் கிரேக்கத்தில் இல்லை. மூன்றாம் பெஞ்சில் இருக்கிறார். அவர் தரப்பை அவர் சொற்களிலேயே அச்சிட்டு, அதனோடு வாதிடாத பாடநூல் சுபக்கத்தை மட்டும் ஓதுகிறது. ஓதியதைத் திருப்பி ஓதினால் மதிப்பெண்.

பரபக்கம் உள்ள பாடம் எப்படி இருக்கும்? ‘எறிந்த விசை காயில் இருக்கிறது’ என்ற கட்சியைத் தலைப்பிலேயே வைக்கலாம். அது ஏன் நியாயமாகத் தோன்றுகிறதென்று ஒரு பத்தி. பிறகு வினா: அந்த விசையைக் கொடுப்பது யார்? கையா? கை இப்போது காயைத் தொடவில்லையே? தொடாமல் தள்ளும் கை உண்டா? காய்க்குள் இருக்கிறதென்றால், ஓடும் பேருந்தில் அமர்ந்திருப்பவர் மடியிலுள்ள காய்க்கு விசை இருக்கிறதா? சாலையில் நிற்பவர் உண்டு என்பார், வேகமாகப் போகிறதே என்று. மடியில் வைத்திருப்பவர் இல்லை என்பார், அசையாமல் இருக்கிறதே என்று. ஒரே காயில் ஒரே கணத்தில் விசை இருந்தும் இல்லாமலும் எப்படி இருக்கும்? இங்கே கட்சி உடைகிறது. காயில் இருப்பது விசையன்று, பார்ப்பவரைப் பொறுத்து மாறும் இயக்கம்தான் என்ற இடத்துக்கு மாணவர் தாமே வந்துசேர்கிறார். ‘உந்தம்’ என்ற சொல்லை அப்போது கொடுங்கள், அது ஒட்டிக்கொள்ளும். மாணவர் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். அவர் முழுப்பிழை செய்யவில்லை. சரியான ஒன்றுக்குத் தவறான பெயரிட்டிருந்தார்.

*

இதற்கெல்லாம் நேரமேது, நுழைவுத் தேர்வு தலைக்குமேல் தொங்குகிறதே என்பார்கள். பத்தாம் வகுப்பில் நடத்தியதைப் பதினொன்றில் நடத்தி, அதையே பயிற்சி மையத்தில் நடத்தி, கல்லூரி முதலாண்டில் மறுபடி நடத்துகிறார்களே, அதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? தமிழாசிரியனுக்கு இயற்பியலில் என்ன வேலை என்பார்கள். ஒரு சொல் இருவேறு இடங்களில் இருவேறு பொருள்படுவதைக் கண்டறிந்து பிரித்துக் காட்டுவதுதான் நம் வேலை. உரையாசிரியர்கள் ஆயிரமாண்டாக அதைத்தான் செய்தார்கள்.

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. தைப்பூசத்துக்கு இரவும் பகலும் சாலையோரமாக நடந்து பழனிக்கு வருவோரை நினைத்துப் பாருங்கள். எதிரே ஒரு கார் மணிக்கு 36 கிலோமீட்டரில் வருகிறது. நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் பிரேக் என்றால், மிதித்தபின் 10 மீட்டரில் நிற்கும். அதே கார் 72 கிலோமீட்டரில் வந்தால்? வேகம் இருமடங்கு, ஆகவே தூரமும் இருமடங்கு, 20 மீட்டர் என்று ஓட்டுநர் எண்ணுகிறார். அது 40 மீட்டரில் நிற்கும். மிச்சமுள்ள அந்த 20 மீட்டரில் யாரோ நடந்துகொண்டிருக்கிறார். அந்த ஓட்டுநரும் இயக்கச் சமன்பாடுகளைப் படித்துத் தேறியவராக இருக்கலாம். அவை அவருடைய வேறோர் அறையில் இருக்கின்றன.

இதைவிட ஆழமான கேடு ஒன்றும் உண்டு. தாம் நினைப்பது வேறு, எழுதவேண்டியது வேறு என்பதைப் பதினான்கு வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்கிறது. அறிவு என்பது தன் சிந்தனையை ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பெற்றுக்கொள்ளவேண்டிய பண்டம் என்று அதற்குப் படிந்துவிடுகிறது. அப்படிப் படிந்த மனம் பின்னாளில் கவிதையை வாசித்தாலும் கோனார் உரையைத் தேடும். தேர்தலில் வாக்களித்தாலும் யார் சொன்னதையோ எழுதும். வாசகர் இல்லை, வாசகர் இல்லை என்று புலம்பும் சிற்றிதழ்க்காரர்கள் தம் வாசகர் எந்த வகுப்பில் தொலைந்தார் என்பதை இங்கே தேடலாம்.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் தமிழ்த்துறையும் இயற்பியல்துறையும் ஒரே தாழ்வாரத்தின் இரு முனைகளில்தான் இருக்கின்றன. இருவரும் ஒருபருவம் கூடி அமர்ந்து, விசை, வேகம், முடுக்கம், நிறை என்ற நான்கு சொற்களுக்கு மட்டும் தம் மாணவர்கள் சொல்லும் பொருள்களை அவரவர் பேச்சுமொழியிலேயே தொகுக்கட்டும். தொகுத்ததைப் பாடத்துக்கு முன்னே பரபக்கமாக அச்சிடட்டும். வினாத்தாளில் ‘விதியைக் கூறுக’ என்ற ஒரு வினாவை எடுத்துவிட்டு, ‘இக்கூற்றுக்காரரை மறுத்துரைக்க’ என்று ஒன்றை வைக்கட்டும். சிற்றிதழ்கள் ஆண்டுக்கு ஓர் இதழையாவது இத்தகைய உரைநடைக்குத் திறந்துவிடட்டும். அதுவரையிலாவது, மேடைகளில் நியூட்டனைச் சற்று ஓய்வெடுக்க விடுங்கள்.